ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம்

2020 ஜூலை, இரவு இரண்டு மணி. பைக்கிலிருந்து விழுந்த இருபத்துச் சொச்சம் வயதுப் பையன். ஹெல்மெட் போடவில்லை, வழக்கம்போல. வரும்போது பேசிக்கொண்டுதான் வந்தான். சி.டி. எடுத்துத் திரும்புவதற்குள் உளற ஆரம்பித்து, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. இடது பக்கம் எபிடியூரல் ரத்தக்கட்டு, அதாவது மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே தேங்கிய ரத்தம்; இடது கண்மணி விரியத் தொடங்கியிருந்தது. நாலு நாளாகக் காய்ச்சல், இருமல் என்றார் அவன் அண்ணன். உடனே பொறுப்பிலிருந்த ஒருவர், "கோவிட் ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ரிப்போர்ட் எப்படி வந்தாலும் நான் பிபிஇ போட்டுத்தான் மூச்சுக்குழாயில் டியூப் போடப்போகிறேன். பிறகு எதற்காகக் காத்திருப்பது? இப்படிப்பட்ட ரத்தக்கட்டில் நிமிடங்கள்தான் கணக்கு. சாம்பிளை அனுப்பிவிட்டு நோயாளியை தியேட்டருக்குள் தள்ள வேண்டியதுதான்.

ஆனால் உள்ளே போனால் நுரையீரலுக்கும் மூளைக்கும் சண்டை. டியூப் போடும்போது இருமினால் கிருமியும் பறக்கும், தலைக்குள் அழுத்தமும் ஏறும். அதனால் தசைகளை அசையாமல் தளர்த்தும் ரோக்குரோனியம் மருந்தைத் தாராளமாக, கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் கொடுத்து முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இதுவரை இரண்டும் ஒத்துப்போகும். அந்த ஒரு நிமிடத்தில் ஆம்பு பேக்கை, மாஸ்க் வழியே காற்றை அழுத்திக் கொடுக்கும் பையை, தொடாதே, கிருமி பறக்கும் என்றது கோவிட் நெறிமுறை. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் அடிபட்ட மூளை தாங்காது. கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இன்னும் கூடும். அன்று நான் பேக் செய்தேன். இரண்டு கையாலும் மாஸ்க்கை அழுத்திப் பிடித்து, நடுவில் ஃபில்டர் வைத்து, சின்னச் சின்ன மூச்சாக. தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை.

"குறைந்த ஆட்களே உள்ளே" என்பது இன்னொரு விதி. தலையில் அடிபட்டவனுக்குக் கழுத்தெலும்பும் உடைந்திருக்கலாம், ஒருவர் தலையை அசையாமல் பிடித்தே ஆக வேண்டும். பிடித்தது ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண். பையனின் வாய்க்கும் அவள் முகத்துக்கும் ஒரு முழம்கூட இல்லை. கண்ணாடி புகைந்து எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. பிபிஇக்குள் ஸ்டெதஸ்கோப்பும் போகாது. டியூப் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறது என்று சொன்னது மானிட்டரில் எழுந்த கார்பன் டை ஆக்சைடு அலைதான்.

கிருமி பறக்காமலிருக்க தைவான் டாக்டர் ஒருவர் வடிவமைத்த, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? நோயாளியின் தலைமேல் கவிழ்ப்பார்களே, அதுதான். காலர் போட்ட கழுத்தோடு அதற்குள் கையை விட்டுப் பாருங்கள், தெரியும். காற்றை உறிஞ்சும் வசதியில்லாத பெட்டிகளுக்கான அவசர அனுமதியை அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த வருடம் ஆகஸ்டிலேயே திரும்பப் பெற்றது. எங்கள் பெட்டியில் கையுறை பாக்கெட் அடுக்கினோம்.

மண்டையோட்டை மூடும் நேரத்தில் ரிப்போர்ட் வந்தது. பாசிட்டிவ். பையன் பிழைத்தான். அந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர். மயங்கிக் கிடப்பவர், எத்தனை வாரமாக இருமல் என்று சொல்ல மாட்டார். ரோட்டில் கிடந்து வந்தவருக்குக் கேட்டுச் சொல்ல ஆளும் இருக்காது. போன மாதம் அப்படி ஒருவருக்கு மூச்சு சர்க்யூட்டில் போட ஃபில்டர் கேட்டேன். ஒன்றும் கார் விலை இல்லை. "கோவிட்தான் போயிடுச்சே மேடம்" என்றார்கள். எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். வலது நுரையீரலின் மேல்பகுதியில் எலுமிச்சம்பழ அளவில், காசநோய் குடைந்தது போல ஒரு குழி.

ஃபில்டர் வந்தது.