கடைசி இரண்டு நிமிடம் பந்தயம் இல்லை, அண்ணாச்சி

இன்று 2025 ஜூலை 15, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துக்கு ஓய்வு நாள். பத்து நாள் மிதித்தவர்கள் துலூஸில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு டிவி முன்னால் இருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்து மனசுக்குள் கிடந்து அறுக்கிறதை இன்று எழுதிவிடுகிறேன்.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஒன்பதாவது ஸ்டேஜை, அதாவது ஒன்பதாவது நாள் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே நான் போட்டு வந்த பதிவுகளுக்குக் கீழே அண்ணாச்சி ஒருவர் அதன் கடைசி இரண்டு நிமிட வீடியோவைக் கொண்டுவந்து போட்டார். “கடைசியில பிடிச்சிட்டாங்கல்லா? இதுக்குப் போயி மூணரை மணி நேரமா? இந்த ரெண்டு நிமிஷம் போதும் தங்கச்சி” என்று எழுதினார். அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சரி, போகட்டும். அதோடு நிற்காமல், அம்மா நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த படத்துக்குக் கீழேயும் போய், “அம்மாவையும் வேலையத்தவங்க ஆக்கியாச்சா?” என்று ஒரு வரி. அதற்கும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் மூன்று பேர் எங்கள் வீட்டில் கை நனைத்தவர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கடைசி இரண்டு நிமிடம் பந்தயம் இல்லை. அது முடிவு. முடிவைத் தெரிந்துகொள்வது வேறு, பந்தயம் பார்ப்பது வேறு.

ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துக்கொள்வோம். ஷினோனிலிருந்து ஷாத்தோரூ வரை 174 கிலோமீட்டர். மலை கிடையாது. இந்த மாதிரி நாளில் கடைசியில், கோட்டுக்குப் பக்கத்தில் பாய்ந்து ஜெயிக்கிற ஸ்பிரிண்ட் வீரர்கள்தான் முட்டி மோதுவார்கள் என்று இரண்டு வருடம் பார்த்தவர்களுக்கே தெரியும். அப்படி இருந்தும் கொடி அசைந்த உடனேயே மத்தியூ வான் டெர் போலும் யோனஸ் ரிக்கார்டும், ஒரே அணியின் இரண்டு பேர், கிளம்பிப் போய்விட்டார்கள். இரண்டு பேர் ஒரு பக்கம், நூற்று எழுபது சொச்சம் பேர் இன்னொரு பக்கம்.

வான் டெர் போலை எல்லாருக்கும் தெரியும். ரிக்கார்டை எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெயிப்பதற்காக வருகிறவர் இல்லை அவர். தன் அணியின் ஸ்பிரிண்ட் வீரர் யாஸ்பர் பிலிப்சனுக்கு முன்னால் ஓட்டி, காற்றைத் தன் மார்பில் வாங்கி, கடைசிக் கிலோமீட்டர்களில் அவரை நல்ல இடத்தில் கொண்டுபோய் விடுவதுதான் அவர் வேலை. முதல் நாள் லீல் நகரில் பிலிப்சன் ஜெயித்து, மொத்த நேரத்தில் முன்னால் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சி போட்டார். மூன்றாம் நாள் விழுந்தார். காறை எலும்பு முறிந்து வீட்டுக்குப் போய்விட்டார். யாருக்காக உழைக்க வந்தாரோ அவரே இல்லை. டூர் மேடையில் ஒரு தடவையாவது ஏற வேண்டும் என்பது ரிக்கார்டின் கனவு, அதற்காகத்தான் கிளம்பினோம் என்று வான் டெர் போல் பிறகு சொன்னார்.

முன்னால் போன இரண்டு பேருக்கும் கூட்டத்துக்கும் இடைவெளி ஐந்து நிமிடத்தைத் தாண்டியது. அம்மா நோட்டில் எழுதினாள். பின்னால், பக்கக்காற்று அடித்துச் சிதறிவிடுவோமோ என்ற பயத்தில் பெரிய கூட்டம் வேகம் பிடித்தது. நான்கரை, மூன்று, இரண்டு என்று குறைந்தது. அம்மா ஒவ்வொன்றையும் எழுதினாள். கடைசிச் சில கிலோமீட்டரில் ரிக்கார்டால் முடியவில்லை, விலகினார். வான் டெர் போல் தனியாகப் போனார். கோட்டுக்கு ஒரு கிலோமீட்டர் கூட மிச்சமில்லாத இடத்தில் கூட்டம் அவரை விழுங்கியது. டிம் மெர்லியர் ஜெயித்தார். சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். கடிகாரத்தோடு மட்டும் போட்டி போடும் நேர ஓட்டங்களைத் தவிர்த்துப் பார்த்தால் டூர் வரலாற்றிலேயே இதைவிட வேகமாக ஓடிய ஸ்டேஜ் ஒன்றுதான், 1999இல் சிப்பொலினி ஜெயித்தது. அந்த வேகம் அந்த இரண்டு பேரால் வந்தது.

இப்போது நீங்கள் போட்ட வீடியோவைப் பாருங்கள் அண்ணாச்சி. ஒருவர் தனியாகப் போகிறார், கூட்டம் வருகிறது, பிடிக்கிறது, வேறொருவர் கையைத் தூக்குகிறார். ரிக்கார்ட் அதில் இல்லவே இல்லை. கொடி அசைந்ததிலிருந்து 160 கிலோமீட்டருக்கு மேல் காற்றோடு மல்லுக்கட்டிய மனிதர் உங்கள் இரண்டு நிமிடத்தில் பிறக்கவே இல்லை. விலா எலும்பு முறிந்த வலியோடு இரண்டு நாளாக ஓட்டிக்கொண்டிருந்த அல்மெய்டா அன்றைக்குத்தான் சைக்கிளை விட்டு இறங்கினார். பட்டத்துக்காக ஓட்டும் தன் அணித் தலைவர் பொகாச்சருக்கு மலைகளில் பெரிய துணையாக இருந்திருக்க வேண்டியவர். அதுவும் உங்கள் வீடியோவில் இல்லை. ஆனால் இனி வரும் மலைகளில் என்ன நடக்கும் என்பதற்கு அதுதான் முக்கியம்.

முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டி வந்தால் நிறையப் பாடு மிச்சம். இந்த விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் முன்னால் நின்று காற்றை வாங்க வேண்டும். பெல்ஜியத்தின் டிம் டெக்லர்க்குக்கு ‘டிராக்டர்’ என்றே பெயர். கூட்டத்தின் தலைமாட்டில் மணிக்கணக்காக இழுத்துக்கொண்டு போவார். ஸ்டேஜின் கடைசிப் பத்து நிமிடத்தில் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். இன்னும் சிலர் பின்னால் வரும் அணி காருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில்களை வாங்கி, ஜெர்சியின் முதுகுப் பக்கப் பைகளிலும் கழுத்துக்குள்ளும் திணித்துக்கொண்டு, மடி கனத்த மாதிரி தொங்கத் தொங்க ஓட்டி வந்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். இதை ஒரு ஹைலைட்ஸிலும் காட்டமாட்டார்கள்.

அம்மா இதைப் பார்க்க ஆரம்பித்த கதையைச் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் அம்மாவுக்கு முட்டி மாற்று ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டிலில் படுத்தபடி சீரியல் பார்க்கப் பிடிக்காமல், “நீ பாக்கதையே போடுட்டி” என்றாள். அன்று ஜூலை 13, பதினோராவது ஸ்டேஜ், முடிவு கிரானோன் மலை உச்சியில். கலிபியே மலை ஏறுவதற்கு முன்பே, ஒரே அணியைச் சேர்ந்த ரோக்லிச்சும் விங்கெகோவும் மாற்றி மாற்றித் தாக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் பாய்வார், மஞ்சள் ஜெர்சியில் இருந்த பொகாச்சர் துரத்திப் பிடிப்பார், உடனே அடுத்தவர் பாய்வார். முடிவுக்கு இன்னும் எத்தனையோ கிலோமீட்டர் கிடந்தது. ரோக்லிச் சில நாள் முன்னால் விழுந்து தோள் இறங்கியவர். தனக்கு இனி வெற்றி இல்லை என்று தெரிந்து, தன் அணிக்காரனுக்காக உடம்பைச் செலவழித்தார். ராத்திரி கிரானோன் ஏற்றத்தில் விங்கெகோ கிளம்பினபோது பொகாச்சரின் கால் நின்றுவிட்டது. மூன்று நிமிடத்துக்குப் பக்கமாக இழந்தார். அந்த வருட டூரே அங்கே முடிவாகிவிட்டது.

விங்கெகோவை எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும், “ஏட்டி, ஓடி ஓடி அடிச்சானே அந்தப் பய, அவன் எங்க?” என்று கேட்டாள். அவர் பத்து நிமிடத்துக்கும் மேல் பின்னால் வந்துகொண்டிருந்தார். கேமரா காட்டவில்லை. “வந்து சேருத வரைக்கும் ஆஃப் பண்ணாத” என்றாள்.

கடைசி இரண்டு நிமிடம் மட்டும் பார்த்திருந்தால், நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஏன் நின்றார் என்பதே புரிந்திருக்காது. காரணம் சாயங்காலமே நடந்து முடிந்துவிட்டது. அதைத்தான் சொல்கிறேன். கடைசி இரண்டு நிமிடம் பந்தயம் இல்லை.

அதிலிருந்து ஜூலை மாதம் எங்கள் வீட்டு நடப்பே வேறு. பிரான்ஸில் பகல் ஒன்றரை என்றால் நமக்குச் சாயங்காலம் ஐந்து. காலையிலேயே அன்றைய பாதையின் ஏற்ற இறக்கப் படத்தை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்துவிடுவேன். அம்மா அதைப் பார்த்துச் சமையலை முடிவு செய்வாள். சமதளம் என்றால் சின்ன வெங்காயமும் பூண்டும் முறத்தில் வரும், உரித்துக்கொண்டே பார்க்கலாம். மலை என்றால் ஆறு மணிக்கே இட்லி வெந்திருக்கும், முறம் வராது. டிவியில் படம், என் போனில் இடைவெளி நேரம், அம்மா மடியில் நோட்டு. வர்ணனை இங்கிலீஷில் போகும், நான் சொல்லச் சொல்ல எழுதுவாள். ஹெலிகாப்டர் பழைய கோட்டைகளைக் காட்டினால் யார் கட்டினது என்று கேட்பாள். விவசாயிகள் வயலில் வைக்கோல் உருளைகளை அடுக்கிச் சைக்கிள் உருவம் செய்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அதே பேச்சு.

இப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். எல்லாருக்கும் இவ்வளவு நேரம் இருக்கிறதா என்பீர்கள். இல்லைதான். நானும் நேரலைப் படம் இல்லாமல் பார்த்தவள். வேலைக்குப் போன காலத்தில் கம்ப்யூட்டரின் ஓரத்தில் எழுத்தாக மட்டும் ஓடும் நேரலையைத் திறந்து வைத்து, ‘முன்னால் ஆறு பேர், இடைவெளி 3.40’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு மீதியை மனசில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எல்லா ஸ்டேஜையும் முதலிலிருந்து கடைசி வரை நேரலையாகக் காட்ட ஆரம்பித்ததே 2017இல்தான். 1903இல் முதல் டூர் நடந்தபோது, நடத்திய பத்திரிகை வந்தால்தான் வீட்டில் இருந்தவர்களுக்குச் செய்தி. நேரம் இல்லாதவர்கள் ஹைலைட்ஸ் பார்க்கட்டும், தப்பே இல்லை. பார்த்துவிட்டு, முழுதாகப் பார்க்கிறவளிடம் வந்து ‘இவ்வளவுதானே’ என்று சொல்லாதீர்கள்.

ஊக்கமருந்து என்பீர்கள். ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களையும் 2012இல் பிடுங்கினார்கள். அவருக்காகக் கைதட்டினவர்களில் நானும் ஒருத்தி. அந்த வலி எனக்குத் தெரியும், நீங்கள் சொல்லித் தர வேண்டாம்.

‘நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் கூட இல்லையே’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். உண்மைதான், டூரில் இன்று வரை ஓர் இந்தியர் ஓட்டியதில்லை. அதனால் நான் பார்க்கக்கூடாதா? போன வருடம் எரித்ரியாவின் பினியம் கிர்மாய் துரின் நகரில் ஜெயித்தார். டூரில் ஒரு ஸ்டேஜ் ஜெயித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். இன்னும் இரண்டு ஸ்டேஜ் ஜெயித்து, அதிகப் புள்ளி எடுத்தவருக்கான பச்சை ஜெர்சியோடு ஊர் போனார். அன்று அம்மா அழுதாள். எரித்ரியா எங்கே இருக்கிறது என்று அட்லஸை எடுத்துக் காட்டச் சொன்னாள். அந்த அழுகைக்கு ஊர் கேட்பீர்களா?

அண்ணாச்சி, உங்கள் மேல்தான் எனக்கு அதிக வருத்தம். ஜனவரி தவறாமல், 2021இல் பிரிஸ்பேனில் இந்தியா ஜெயித்த காபா டெஸ்ட் கிரிக்கெட்டைப் பற்றி எழுதுகிறவர் நீங்கள். புஜாரா 211 பந்து நின்று, தோளிலும் விலாவிலும் விரலிலும் தலைக்கவசத்திலும் அடி வாங்கி 56 ரன் எடுத்ததை, ‘அந்த அடி ஒவ்வொன்றும் பந்த் அடித்த 89இல் இருக்கிறது’ என்று எழுதினீர்கள். படித்துவிட்டு நான் ஷேர் செய்தேன். அன்றைக்கு உங்களிடம் யாராவது பந்த் அடித்த கடைசி நான்கை மட்டும் பார்த்தால் போதுமே என்று கேட்டிருந்தால் நீங்கள் விட்டிருப்பீர்களா? அதே கண்ணால் ரிக்கார்டைப் பார்க்க உங்களால் முடியாதா? முடியாவிட்டால் சும்மாவாவது இருந்திருக்கலாமே.

அப்புறம் அந்த ‘வேலையத்தவங்க’. அம்மா 26 வருடம் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருந்தவள். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்க அரை மணி நேரம் ஆகும். அம்மா காலை எட்டு மணிக்கெல்லாம் அடுப்புப் பக்கம் போய்விடுவாள். கல் பொறுக்கி, காய் நறுக்கி, அண்டா இறக்கி, எல்லாரும் போன பிறகு கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவாள். முட்டி போனது அங்கேதான். பள்ளி ஆண்டு விழா மேடையில் ஒருநாளும் அவள் பேரைச் சொன்னதில்லை. அவள் அதைக் குறையாகச் சொல்லியும் நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பில், அன்றைய போராட்ட வீரர் பரிசுக்கு ரிக்கார்ட் மேடையேறினபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினாள். நோட்டில் மெர்லியர் பேருக்கு மேலே அவர் பேரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள். ‘ரிக்காடு’ என்று எழுதியிருக்கிறாள், நான் திருத்தவில்லை.

நேற்று பென் ஹீலி மஞ்சள் ஜெர்சி போட்டார். 1987இல் ஸ்டீபன் ரோஷ் போட்டதற்குப் பிறகு அயர்லாந்துக்கு இப்போதுதான். பொகாச்சரைவிட 29 விநாடி முன்னால் இருக்கிறார். நாளைக்கு துலூஸைச் சுற்றி ஒரு ஸ்டேஜ், வியாழக்கிழமை ஓத்தகாம் மலை, கடைசியில் 13.5 கிலோமீட்டர் ஏற்றம். முழுதாகப் பார்க்க நினைக்கிறவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், பாதைப் படம் அனுப்புகிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் இருந்தால் வீட்டுக்கே வாருங்கள், அன்றைக்கு ஆறு மணிக்கு இட்லி தயாராக இருக்கும். அண்ணாச்சிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீடியோ அங்கேயே கிடக்கட்டும். அம்மா படத்துக்குக் கீழே எழுதின வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் அண்ணாச்சி. அம்மா இன்னும் பார்க்கவில்லை. படத்துக்கு யாரெல்லாம் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.