எஸ்யூவியை உயர்த்த, கனமான வண்டியின் ஸ்பிரிங் போட்டால் போதுமா?

"கனமான வண்டியின் காயில் (சுருள்) ஸ்பிரிங்கை மாட்டினால் எந்த எஸ்யூவியும் 2 இன்ச் உயர்ந்துவிடும், வேறு எதையும் தொட வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. வண்டி உயரும். எவ்வளவு என்பதைப் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிங்கின் நீளத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கம்பியின் தடிமன் 14 மி.மீ.யிலிருந்து 15 ஆனாலே, மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், ஸ்பிரிங்கின் விறைப்பு சுமார் 32 சதவீதம் கூடிவிடும். ஆள் ஏறாத வண்டி மாட்டுவண்டி மாதிரிக் குதிக்கும்.

அப்புறம், 'எந்த எஸ்யூவியும்' என்பதும் தப்பு. பழைய டாடா சஃபாரியின் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங்கே கிடையாது, முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற இரும்புக் கம்பிதான். பின்னால் மட்டும் காயில் ஸ்பிரிங்.

அந்தப் பின்பக்கத்தில்தான் என் மச்சான் இந்த யோசனையைச் செய்து பார்த்தான். மதுரையில் மாட்டி, சிறுமலை ஏறும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் 'டக்' என்று சத்தம். ஷாக் அப்சர்பர் பழைய நீளத்திலேயே இருந்ததால், சக்கரம் கீழே இறங்கும்போதெல்லாம் அது முழுசாக நீண்டு முட்டியது. குனிந்து பார்த்தால் ஆக்ஸிலுக்குப் போகும் பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் குழாய்) துணி காயப்போடும் கொடி மாதிரி விறைத்து நிற்கிறது! ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பியான பேனார்டு ராட் இழுத்ததில் ஆக்ஸிலும் ஒரு பக்கம் நகர்ந்து, ஒரு டயர் கொஞ்சம் வெளியே துருத்தியது.

உயர்த்துவதென்றால் உங்கள் மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீள ஷாக்கும் சேர்த்து வாங்குங்கள். ஹோஸ் நீளத்தைப் பாருங்கள், அலைன்மென்ட்டும் செய்துவிடுங்கள்.