அவர்களிடம் முறை இருந்தது

லாரித் தொழிலைச் செல்போன் செயலிக்குள் கொண்டுவந்த ஒருவர் மேடையில் பேசிய அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். ஆகவே மேடை எது, பேசியவர் யார் என்பதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. "நாங்கள் வருவதற்கு முன்பு லாரித் தொழிலில் முறை என்று எதுவுமே இருந்ததில்லை" என்று அவர் சொன்ன அந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டும். அதற்கு அரங்கம் கைதட்டியது. கைதட்டியவர்களில் சிலர் லாரி வருமானத்தில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனவர்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு நாட்களாக என்னால் வேறு வேலை பார்க்க முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.

முறை இருந்தது. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன்.

என் அப்பா 1971இல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லாரி கம்பெனியின் புக்கிங் ஆபீசில் கணக்கெழுதச் சேர்ந்தார். 26 ஆண்டுகள் அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். சரக்கு வந்து இறங்கியதும் மூட்டையை எண்ணி, எடை பார்த்து, கார்பன் தாள் வைத்து எல்.ஆர். என்கிற லாரி ரசீதை எழுதுவார். அனுப்புகிறவருக்கு ஒன்று, பெறுகிறவருக்கு ஒன்று, லாரியோடு போவதற்கு ஒன்று, ஆபீசில் இருப்பதற்கு ஒன்று என்று நான்கு படிகள். நான்காவது படியிலும் எழுத்துத் தெரிய வேண்டும் என்பதற்காக அழுத்தி அழுத்தி எழுதியதில் அவருடைய நடுவிரலில் ஒரு காய்ப்பு விழுந்திருந்தது. அது இன்றும் இருக்கிறது.

அந்தக் காகிதம் என்ன வேலை செய்தது என்பது மேடையில் பேசியவருக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சேலத்தில் இருக்கும் ஒரு ஜவ்வரிசி வியாபாரி, முகமே பார்த்திராத ஒரு கல்கத்தா வியாபாரிக்குச் சரக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். அவர் லாரி ரசீதையும் பில்லையும் உள்ளூர் வங்கியில் கொடுப்பார். கல்கத்தாவில் இருக்கும் வங்கிக்கு அவை தபாலில் போகும். வாங்குகிறவர் அங்கே பணத்தைக் கட்டி ரசீதை மீட்டுக்கொண்டு வந்து நீட்டினால்தான் கிடங்கில் சரக்கு கைக்குக் கிடைக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டிய அவசியமே இல்லை. இருவரும் அந்த ரசீதை நம்பினால் போதும். எல்லாக் கம்பெனிகளின் ரசீதையும் வங்கிகள் ஏற்றுக்கொண்டதில்லை. அங்கீகரிக்கப்பட்ட கம்பெனிகளின் பட்டியல் ஒன்று வைத்திருந்தார்கள். சரக்கு வழியில் தொலைந்தால், கம்பெனியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வியாபாரிக்குக் கிடையாது என்று 1865ஆம் ஆண்டின் சரக்கு ஏற்றுவோர் சட்டமே சொல்லியிருந்தது. 2007இல் இயற்றிய புதிய சட்டம் 2011இல் நடைமுறைக்கு வரும்வரை அந்தச் சட்டம்தான் இருந்தது. வங்கியும் சட்டமும் கார்பன் தாளும் சேர்ந்து நடத்திய ஒன்றை 'முறையே இல்லாதது' என்று சொல்வதற்கு அந்த மனிதருக்கு எப்படி மனம் வந்தது?

பெரிய கம்பெனிகளின் கதையை நான் சொல்லவில்லை. அவற்றின் பெயர் எப்படியும் வரலாற்றில் நிற்கும். 1972இல் பேருந்துகளை அரசு எடுத்துக்கொண்டபோது மதுரையின் டி.வி.எஸ். பேருந்துகள் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாகவும், 1931இல் பொள்ளாச்சியில் தொடங்கப்பட்ட ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட்டின் பேருந்துகள் சேரன் போக்குவரத்துக் கழகமாகவும் மாறியதையும், அதன் பிறகும் ஏ.பி.டி. பார்சல் சர்வீஸ் என்ற பெயர் ஊர் ஊராக நிலைத்ததையும் பலர் எழுதிவிட்டார்கள். நான் பேசுவது பத்து லாரியும் பதினைந்து லாரியும் வைத்திருந்த கம்பெனிகளைப் பற்றி. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் வானம் பார்த்த பூமியை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்று தெரிந்தவர்கள், காட்டை விற்றும் நகையை வைத்தும் நான்கு பேர் பங்கு சேர்ந்தும் ஒரு வண்டி வாங்கினார்கள். அந்தப் பங்காளிகளில் ஒருவரே டிரைவராகவும் இருப்பார்.

என் சித்தப்பா அப்படிப்பட்டவர். அவர் முதலில் ஓட்டியது பென்ஸ் லாரி. டாடாவும் ஜெர்மனிக் கம்பெனியும் 1954இல் ஜாம்ஷெட்பூரில் சேர்ந்து செய்யத் தொடங்கிய வண்டி. 1969இல் அந்த ஒப்பந்தம் முடிந்து நட்சத்திரச் சின்னம் போன பிறகும் எங்கள் பக்கம் அதற்குப் பெயர் பென்ஸ் லாரிதான். அடுத்து எண்ணூரில் செய்த லேலண்ட் வாங்கினார்கள். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸிஸ்தான் வரும். கேபினே இல்லாத அந்த எலும்புக்கூட்டை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் நாமக்கல் பட்டறை வரை ஓட்டிவர வேண்டும். அங்கே மரத்தில் கேபினும் பாடியும் கட்டி, நெற்றியில் கம்பெனிப் பெயரை எழுதுவார்கள். சித்தப்பாவின் லாரிக்குப் பெயர் எழுதிய அன்று எனக்கு ஏழு வயது. பெயிண்டர் கடைசி எழுத்தை முடிக்கும்வரை சித்தப்பா டீ குடிக்காமல் நின்றது நினைவில் இருக்கிறது.

பல மாநிலங்களில் ஓட ஒரே அனுமதியான நேஷனல் பெர்மிட் 1975இல் வருவதற்கு முன், ஒரு மாநிலத்து லாரி இன்னொரு மாநிலத்துக்குள் போக அதன் பெர்மிட்டில் அந்த மாநிலத்தின் மேலொப்பம், அதாவது ஒப்புதல் கையெழுத்து, வேண்டும். எத்தனை வண்டிகளுக்கு என்பதை இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு வரையறுத்திருந்தன. அதனால் அப்பாவின் கம்பெனி தூரத்துச் சரக்கை வழியிலேயே வேறொரு ஊர்க் கம்பெனியிடம் கைமாற்றும். மொழி தெரியாத ஊர், வெளியூருக்கு டிரங்க் கால் போட்டால் மணிக்கணக்கில் காத்திருக்கும் காலம். ஆனாலும் மாதக் கடைசியில் இரண்டு கம்பெனிகளின் பேரேடும் ஒத்துப்போகும். ஒரு மாதம் 11 ரூபாய் ஒத்துப்போகவில்லை என்று அப்பா இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதை எழுதினால் என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். 'ஓவர்லோடு ஏற்றினார்களே, தொப்பூர் கணவாயில் எத்தனை உயிர் போயிற்று' என்பீர்கள். ஏற்றினார்கள்தான். ஆனால் ஏற்றச் சொன்னவர் யார்? வாடகையைக் கூட்டித் தர மாட்டேன், இரண்டு டன் சேர்த்து ஏற்று என்று சொன்ன வியாபாரியையும் ஆலைக்காரரையும் எந்த மேடையும் குற்றம் சொல்வதில்லை. 'செக்போஸ்ட்டில் மாமூல் கொடுத்துத்தானே ஓட்டினார்கள்' என்பீர்கள். கொடுத்தவனைத் திட்டுவதற்கு முன் வாங்கியவனைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள், பிறகு பேசுவோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டபோது அதிகம் மகிழ்ந்தவர்கள் டிரைவர்கள்தான்.

'பன்னிரண்டு வயதுப் பையன்களைக் கிளீனராக வைத்திருந்தார்களே' என்று யாராவது கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அது தவறு. சித்தப்பாவே அப்படித்தான் லாரியில் ஏறினார், அவருக்கும் அது தவறு என்று தெரியும்.

'செயலி வந்தது நல்லதுதானே, வண்டி எங்கே நிற்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாமே' என்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. சித்தப்பாவிடமிருந்து நான்கு நாள் தகவலே இல்லாமல் போனபோது சித்தி எப்படி இருந்தார் என்று பார்த்தவள் நான். அப்போது அப்படி ஒரு வசதி இருந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். புதியதைப் புகழுங்கள். அதற்காக முன்னால் இருந்தவர்களை ஒன்றும் தெரியாதவர்கள் ஆக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த நான்கு நாள் 1991 டிசம்பர். காவிரி இடைக்காலத் தீர்ப்புக்குப் பிறகு பெங்களூரில் கலவரம் வெடித்தது. ஈரோட்டு மஞ்சளோடு சித்தப்பா அங்கே இருந்தார். சரக்கு இறக்க வேண்டிய கிடங்கின் காவலர் கன்னடக்காரர். அவர் லாரியை உள்ளே விட்டு, நெற்றியில் இருந்த தமிழ்ப் பெயரின் மீது தார்ப்பாயைப் போர்த்தி, எண் பலகையில் சேற்றைப் பூசி, வெளிக்கதவைப் பூட்டினார். சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வந்தது. ஐந்தாம் நாள் கதவைத் திறந்ததும் அவர் முதலில் செய்தது, மூட்டைகளை எண்ணி ரசீதில் கையெழுத்துப் போட்டதுதான். ஊர் எரிந்துகொண்டிருந்தபோதும் ஒரு மூட்டை குறையவில்லை. முறை இல்லாத தொழிலில் இது எப்படி நடந்தது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் மனது ஆறாது. தொண்ணூறுகளில் எய்ட்ஸ் விழிப்புணர்வு என்று எங்கள் மாவட்டம் முழுக்கச் சுவரெழுத்து எழுதினார்கள். தேவையான பிரச்சாரம், உயிர்களைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு லாரி டிரைவர் என்ற சொல்லையே ஊர் வேறு மாதிரி உச்சரித்தது. என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் சித்தப்பாவின் தொழிலைக் கேட்டுவிட்டு, தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தொடாமல் எழுந்தார்கள். அவர்கள் போன பிறகு சித்தப்பா வெளியே போய் லாரிக்கு அடியில் படுத்து, பழுதே இல்லாத எதையோ இருட்டும்வரை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரைத்தான் இப்போது முறை தெரியாதவர் என்கிறீர்கள். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருக்காகப் பதில் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

அப்பாவிடம் அந்தக் காணொளியைக் காட்டியிருக்கக் கூடாது. என் மகன் காட்டிவிட்டான். அப்பா கோபப்படவில்லை, முழுதாகக் கேட்டார், இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "எல்லாம் போன்லயே முடிஞ்சுருதுங்கிறாரு, சரி. சரக்கு நனஞ்சோ ஒடஞ்சோ போய்ச் சேந்தா, எறக்குறவரு அந்தக் கொறைய எதுல எழுதிக் கையெழுத்துப் போடுவாருன்னு கேட்டுச் சொல்லு கண்ணு" என்றார். 26 ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறார். கேட்டுச் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். மேடையில் பேசியவருக்கு இந்தப் பதிவை யாராவது அனுப்புங்கள். பதில் வந்ததும் அப்பாவிடம் படித்துக் காட்ட வேண்டும்.