வேட்டை நாய்க் குட்டிய பட்டினி போட்டுதான் பழக்கணுமா? அந்த மெசேஜ் தப்பு

நம்ம மார்த்தாண்டம், தக்கலை பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புகள்ல ஒரு மெசேஜ் சுத்துது, சிப்பிப்பாறை, கன்னி இன வேட்டை நாய்க் குட்டிகள ஒரு வயசு வரைக்கும் பழக்கப்படாதாம், அப்புறம் பட்டினி போட்டு நாலு அடி குடுத்தாதான் சொன்ன பேச்சு கேக்குமாம். இது தப்பு மக்களே.

குட்டி மனுசங்க, சத்தம், வண்டி எல்லாத்துக்கும் பயமில்லாம பழகுறது முதல் 3 மாசத்துலதான் நல்லா நடக்கும். 8 வாரத்துலயே "வா", "இரு" ஆரம்பிக்கலாம், ஒரு தடவைக்கு 5 நிமிசம் போதும். இந்த இனங்க கண்ணால பாத்து வெரட்டுறது, கோழி ஓடுனா நம்ம சத்தமே காதுல ஏறாது, அதனாலதான் "வா"வ சின்னதுலயே படிக்க வைக்கணும். ரப்பர் தோட்டத்துல நீளக் கயிறு கட்டி விடுங்க, அது சருக மோந்துட்டு நிக்கும்போது ஒரே ஒரு தடவ கூப்பிடுங்க, வந்த உடனே அவிச்ச முட்டைத் துண்டு ஒண்ணு குடுங்க, லேட்டா வந்தாலும் அடிக்காதீங்க, வந்ததுக்கு அடி வாங்குன குட்டி அடுத்த தடவ தள்ளியே நிக்கும், பாவம் அதுக்கு வேற என்ன தெரியும்.

அமெரிக்க கால்நடை நடத்தையியல் சங்கம் 2021ல வெளியிட்ட அறிக்கையும் பரிசு குடுத்துப் பழக்குறதத்தான் சொல்லுது, அவங்க வெப்சைட்லயே இருக்கு. நம்ம நாட்டுல 1960 மிருகவதை தடுப்புச் சட்டம் 11வது பிரிவுப்படி நாய அடிச்சுத் துன்புறுத்துறதும் பட்டினி போடுறதும் குற்றம். சந்தேகம்னா பக்கத்து அரசு கால்நடை ஆஸ்பத்திரில கேளுங்க, தடுப்பூசிக்கு எப்படியும் போகணும்லா.

அந்த மெசேஜ இனி யாருக்கும் அனுப்பாதீங்க, அனுப்புன குரூப்ல இதப் போட்டு விடுங்க.