ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, வேலைக்கு மட்டும் ஒன்றா?

வியாழக்கிழமை நம் வங்கி ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நம்மோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி அங்கே ஒரு குறிப்பைப் போட்டார். மூன்று மாதம் ராத்திரி கண்விழித்து எழுதியது. புது மென்பொருளுக்கு மாறியபின் கிளைகளில் வந்த சிக்கல்கள், எந்தத் திரையில் எதைத் திருத்தலாம், எதைத் தொடவே கூடாது என்று 32 பக்கம். "இதையெல்லாம் எழுதிப் போட உங்களை யார் கேட்டது?" என்று மேலே இருப்பவரிடமிருந்து ஒரே வரி. பத்து நிமிடத்தில் குறிப்பு காணாமல் போனது. அத்தனை பேர் பார்த்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அது உறுத்துவதால்தான் எழுதுகிறேன்.

வங்கியில் சேர்ந்த புதிதிலேயே நமக்குச் சொல்லித்தருவது என்ன? பணமும் நகையும் வைக்கும் ஸ்ட்ராங் ரூமை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு சாவி, இரண்டு பேர். மாற்றுச் சாவிகள் முத்திரை வைத்து இன்னொரு கிளையில் இருக்கும். ஒருவர் பதிந்த வவுச்சரை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பணத்துக்கு இத்தனை ஏற்பாடு. அந்தப் பணத்தின் கணக்கு எப்படி ஓடுகிறது என்பது மட்டும் ஒரே ஒருத்தர் தலைக்குள் இருக்கலாமா? அவர் மாற்றலில் போனால், ஓய்வுபெற்றால், படுத்துவிட்டால் யாரிடம் போய் நிற்பது?

என் கதையையே சொல்கிறேன். எங்கள் வங்கியை இன்னொரு வங்கியோடு இணைத்தபோது டெல்டாவில் ஒரு கிளையில் இருந்தேன். வெள்ளி மாலை கணக்கு முடித்து, திங்கள் காலை புது அமைப்பில் திறந்தோம். சாகுபடிக்குத் தரும் நகைக்கடனுக்கு எங்கள் பழைய அமைப்பில் தனிக் குறியீடு உண்டு. பழைய குறியீடு எதற்குப் புதுக் குறியீடு எது என்று பட்டியல் போட்டவர்களுக்கு அது தெரியாமல், சாதாரண நகைக்கடனோடு சேர்த்துவிட்டார்கள். 7 சதவீத வட்டிக்கு வாங்கிய கடனுக்கு வட்டி எகிறிவிட்டது. தாலிக்கொடியை மீட்க வந்த ஓர் அம்மா ரசீதைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "போன வாரம் ஒரு கணக்கு சொன்னீங்க, இப்ப ஒரு கணக்கு சொல்றீங்களே?" என்றார். எனக்கு பதில் தெரியவில்லை.

மூன்று நாள் தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். கடைசியில் வழி சொன்னவர், ஓய்வுபெற்று வீட்டில் இருந்த எங்கள் ஹெட் கிளார்க். "அந்தக் குறியீட்டை நாங்கதாம்மா எழுதிக் கேட்டு வாங்கினோம். பழைய சர்க்குலர் ஃபைல்ல லெட்டர் இருக்கும் பாருங்க." இருந்தது. அவர் ஓய்வுபெற்றது இணைப்புக்கு நாலு மாதம் முன்புதான். சால்வை போட்டோம், படம் எடுத்துக்கொண்டோம். அவருக்குத் தெரிந்ததை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

பாதுகாப்பு என்ன ஆவது என்று கேட்பீர்கள். தம்பியின் குறிப்பை முழுதும் படித்திருக்கிறேன். வாடிக்கையாளர் பெயர் இல்லை, கணக்கு எண் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டது தப்பு என்றால், சரி, ஒப்புக்கொள்கிறேன். வங்கியின் உள்தளத்தில் போடச் சொல்லியிருக்கலாமே? அப்படியா சொன்னார்கள்? யார் கேட்டது என்றல்லவா கேட்டார்கள்.

பாதுகாப்பு பற்றியே பேசுவோம். பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் ஒரே அதிகாரி ஆண்டுக்கணக்கில் ஒரே இருக்கையில் இருந்தார். வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாகப் போன கடன் உத்தரவாதச் செய்திகள், வங்கியின் கணக்குகள் ஓடும் கோர் பேங்கிங் மென்பொருளில் ஏறவே இல்லை, இரண்டும் இணைக்கப்படாமல் இருந்தன. அவர் ஓய்வுபெற்ற பிறகு, 2018 ஜனவரியில், அந்த இருக்கைக்கு வந்தவர் உத்தரவாதத்துக்கு ஈட்டுத்தொகை கேட்டபோதுதான் மோசடி வெளியே வந்தது. 13,000 கோடி ரூபாய்க்கு மேல். முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து 10 வேலை நாளாவது விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று 2021இல் ரிசர்வ் வங்கி சொன்னது. அந்த 10 நாளும் அவர் வேலையைப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாவிட்டால் அந்த விதி எதற்கு?

மென்பொருள் கம்பெனி ஆட்கள் இருக்கிறார்களே என்பவர்களுக்கு: அவர்களுக்கு மென்பொருள் தெரியும், நம் கிளை தெரியாது. 2020 ஏப்ரல் 1 அன்று பத்து பொதுத்துறை வங்கிகள் நான்காயின. பஞ்சாப் நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் மூன்றும் ஒன்றாயின; மூன்றிலும் ஏற்கெனவே ஃபினாக்கிள் என்ற ஒரே கோர் பேங்கிங் மென்பொருள்தான். மென்பொருள் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு வங்கியும் அதற்குள் போட்டு வைத்திருக்கும் குறியீடு வேறு, வட்டி அட்டவணை வேறு, பழக்கம் வேறு. அதெல்லாம் அங்கே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நேரமில்லை என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

"எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்துட்டா அப்புறம் என்னை யார் தேடுவாங்க?" வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் உள்ளே இருக்கும் காரணம் இதுதான். எனக்கு அது புரியாமல் இல்லை. பதவி உயர்வு நேர்காணலில் டெபாசிட் எவ்வளவு திரட்டினாய், காப்பீடு எத்தனை விற்றாய் என்று கேட்டிருக்கிறார்கள். எத்தனை பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தாய் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்த பயத்துக்குக் காரணம் நிர்வாகம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை.

என் முதல் கிளையில், இரவு ஒன்பது மணிக்கு அன்றைய கணக்கின் இரண்டு பக்கமும் சரியாக வராமல், அதாவது பேலன்ஸ் டேலி ஆகாமல், நான் அழுதுகொண்டிருந்தேன். வீட்டுக்குக் கிளம்பிய ஆபீசர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "வித்தியாசத்தை ஒன்பதால வகுத்துப் பாரும்மா. மீதி வரலைன்னா எங்கேயோ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கு." 63ஐ 36 என்று எழுதியிருந்தேன். மறுநாள் தன் கையெழுத்து நோட்டையே கொண்டுவந்து தந்தார். என்னிடம் இன்னமும் இருக்கிறது. அவரை யார் கேட்டார்கள்? எந்தச் சர்க்குலர் சொன்னது? இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்படி யாரோ கேட்காமல் கொடுத்ததுதான். நம்மில் யாருக்கு அப்படி இல்லை? அதையெல்லாம் வாங்கிக்கொண்டு வளர்ந்த நாம், வியாழக்கிழமை ஒரு பையனை அத்தனை பேர் முன்னால் தலைகுனிய விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தோம்.

தம்பி, அன்றைக்கே நான் பேசியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள். நீ எழுதியதை அழிப்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிட்டேன், பத்திரமாக இருக்கிறது. 17ஆம் பக்கத்தில் சாகுபடி நகைக்கடன் குறியீட்டில் ஒரு திருத்தம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணு, சொல்கிறேன்.