முதல் பந்தியில் ஆச்சி

இந்த ஓணத்துக்கும் எங்கள் வீட்டில் நான் முதல் பந்தியில்தான் உட்காரப் போகிறேன். போன தடவை அப்படி உட்கார்ந்தது சொந்தத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இன்னும் செரிக்கவில்லை என்று காதில் விழுந்தது. ஆளாளுக்குப் போன் போட்டு விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது, இங்கேயே எழுதிவிடுகிறேன். விடியுமுன் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தவள், மற்ற எல்லாரும் உண்டு ஏப்பம் விட்ட பிறகு ஆறிப்போன சோற்றை வழித்துப் போட்டுத் தின்ன வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? இருந்தால் காட்டுங்கள், படித்துப் பார்க்கிறேன்.

வெளியூர் நண்பர்கள் வழக்கம்போல, “ஓணமா? டீச்சர், நீங்க மலையாளியா?” என்று கேட்பார்கள். இல்லை. வீட்டில் பேசுவது தமிழ், நான் பள்ளிக்கூடத்தில் நடத்தியதும் தமிழ். இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. அதற்கு முன்னால் தலைநகரம் திருவனந்தபுரம். தக்கலைப் பக்கம் பல வீடுகளில் பொங்கலுக்குப் பானை வைப்பதுபோல ஆவணியில் திருவோணத்துக்கு இலை போடுவார்கள். எங்கள் வீடும் அதில் ஒன்று.

பிள்ளைகளைச் சேர்ப்பதுதான் முதல் பாடு. கலெக்டர் எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் என் மகன்களுக்கு அந்த உத்தரவால் என்ன பிரயோஜனம்? மகள் திருவனந்தபுரத்தில் இருப்பதால் அவளுக்குத் தொந்தரவு இல்லை. 2025-இல் ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. திருவோணமும் மிலாது நபியும் ஒரே நாளில், செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை வந்தன. மூன்று நாள் சேர்ந்து லீவு. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, திறந்த கொஞ்ச நேரத்திலேயே வெயிட்டிங் லிஸ்ட். பெரியவன் எப்படியோ பிடித்துவிட்டான். இரணியலில் அவர்கள் இறங்கிய காலையில் எங்கள் வீட்டில் ஓணம் ஆரம்பித்துவிட்டது. அக்கா குடும்பம், கொழுந்தனார் குடும்பம் எல்லாம் சேர்த்து இருபத்தைந்து இலை.

எங்கள் அம்மா காலத்தில் பந்தி எப்படி நடக்கும் என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். முதல் பந்தி ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும். இரண்டாவது பிள்ளைகளுக்கு. மூன்றாவது வந்திருக்கும் பெண்களுக்கு. சமைத்தவர்களுக்குப் பந்தியே கிடையாது. அம்மா இலை போட்டுச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவியல் வைத்த உருளியில் இரண்டு கை சோற்றைப் போட்டு, ஓரத்தில் ஒட்டியிருக்கும் தேங்காயையும் முருங்கைக்காய்ச் சதையையும் சேர்த்துப் பிரட்டி, நின்றபடியே உருட்டி வாயில் போட்டுக்கொள்வாள். அதைப் பார்க்கிறவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும், உண்மைதான். அந்த உருளிச் சோற்றுக்கு நானும் என் அக்காவும் சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் அம்மாவுக்கு அது ருசிக்காக இல்லை, வேறு எதுவும் மிச்சம் இல்லாததால்.

கடைசிப் பந்திக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் ஒன்று சொல்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆண்கள் எல்லாம் சாப்பிட்டுத் திண்ணையில் சாய்ந்த பிறகு, ஆக்குப்புரையில், அதாவது சமையல் கொட்டகையில், காலை நீட்டி உட்கார்ந்து பெண்கள் சாப்பிடும் அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதில் பேசப்படும் பேச்சு முதல் பந்தியில் கிடைக்காது. யார் வீட்டில் என்ன நடந்தது, எந்த மாமியார் என்ன சொன்னாள், எல்லாக் கதையும் அங்கேதான். சித்திமார் சிரிக்கிற சிரிப்பில் பாத்திரம் அதிரும். சரி, அந்த அரட்டை எனக்கும் வேண்டும். அதற்காக நமத்துப்போன பப்படத்தையும் அடியில் தங்கிய சாம்பார் மண்டியையும் எதற்குச் சாப்பிட வேண்டும்? முதல் பந்தியில் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவுகிறவர்களை மேற்பார்வை பார்த்துக்கொண்டே அரட்டை அடிக்கலாம். போன வருடம் அப்படித்தான் நடந்தது, கதையில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று இந்தக் ‘கைப்பக்குவம்’. “ஆச்சி கைப்பக்குவம் யாருக்கும் வராது” என்று சொல்லிச் சொல்லியே எங்களை அடுப்படியில் கட்டிப்போட்டுவிட்டார்கள். முகஸ்துதிக்கு மயங்காத மனுஷி உண்டா? நானும் பல வருடம் அந்தப் பேச்சைக் கேட்டுப் பூரித்துத்தான் கிண்டினேன். ஆனால் சர்க்கரை, பிரஷர், முட்டுவலி மூன்றும் வந்த பிறகு கைப்பக்குவத்துக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது தெரிகிறது. “நீயே செய், நான் சும்மா இருக்கிறேன்” என்பதை மரியாதையாகச் சொல்வது அது. அவியலுக்குச் சேனையையும் ஏத்தங்காயையும் (நேந்திரங்காய்) ஒரே நீளத்தில் நறுக்குவதற்கு என்ன பக்குவம் வேண்டியிருக்கிறது? கத்தியும் ஒரு நாற்காலியும் போதும்.

முதல் பந்தியில் சமைத்தவள் உட்கார வேண்டுமென்றால் வாயால் சொன்னால் ஆகாது, சமையலையே அதற்குத் தக்க மாற்ற வேண்டும். இதைத்தான் விவரமாகச் சொல்ல நினைத்தேன். எந்தக் கறி காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. உப்பேரி என்கிற ஏத்தங்காய் வறுவலும், வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரைப்புரட்டியும் நான்கு நாள் முன்னாலேயே டப்பாவுக்குள் போய்விடலாம். ஓணம் நெருங்கினால் மார்த்தாண்டத்திலும் வடசேரி கனகமூலம் சந்தையிலும் ஏத்தன் குலையின் விலை எகிறும், அதனாலும் முந்திக்கொள்வது நல்லது. இஞ்சிக்கறி, நாரத்தங்காய் இரண்டும் இருக்க இருக்க ருசி கூடும். தீயலும் அப்படியே, வறுத்தரைத்த தேங்காயும் புளியும் ஒரு ராத்திரி ஒன்றாகக் கிடந்தால்தான் சேரும். ஓலனுக்குத் தடியங்காய் என்கிற வெள்ளைப் பூசணியையும் பயறையும் முன்பே வேகவைத்துக்கொண்டு, தேங்காய்ப்பாலை மட்டும் காலையில் ஊற்றலாம். அவியல் மட்டும் அன்றைக்குக் காலையில்தான். பச்சைத் தேங்காய் அரைத்துப் போடுவது, ஆவணி வெயிலில் சாயங்காலம்வரை தாங்காது. தேங்காய் போட்ட பொரியலான துவரனும் அன்றைக்குத்தான், ஆனால் காய் அரிந்து வைத்திருந்தால் இருபது நிமிஷ வேலை.

அரிசி அடையைப் போட்டுச் செய்யும் பாயசமான அடைப்பிரதமனைப் பதினோரு மணிக்குள் இறக்கிவிட வேண்டும். அரைக் கிலோ அடைக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே வெல்லம் பிடிக்கும். தேங்காயின் இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, முதல் பாலை ஊற்றியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். ஆற ஆறக் கட்டியாகும் என்பதால் இரண்டாம் பாலில் ஒரு செம்பு தனியாக எடுத்து வைத்து, விளம்பும்போது, அதாவது பரிமாறும்போது, சூடாக்கி ஊற்றிக் கலக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக நிற்பது பப்படம். என்னைக் கேட்டால், நம்மூர்ப் பெண்களைப் பந்தியில் உட்காரவிடாமல் செய்தது மாமியாரும் இல்லை, மாமனாரும் இல்லை, இந்தப் பப்படம்தான். “சூடா ரெண்டு பப்படம் கொண்டா” என்று இலையிலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும், யாராவது ஒருத்தி எண்ணெய்ச் சட்டியை விட்டு நகரவே முடியாது. நான் செய்தது இதுதான்: உட்காருவதற்கு அரைமணி முன்னால் இருபத்தைந்து இலைக்கும் சேர்த்துப் பொரித்து, எண்ணெயை நன்றாக வடியவிட்டு, பெரிய பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடியை இறுக்கிவிட்டேன். இரண்டு பந்தி முடிகிறவரை நொறுநொறுவென்றுதான் இருந்தது. கேஸை அணைத்துவிட்டு எண்ணெயைப் பரணில் ஏற்றினேன். அதற்குப் பிறகு ‘சூடாக ஒன்று’ கேட்க யாருக்கும் வழியில்லை.

சமையல் காத்திருக்கும்படி ஆகிவிட்டால் மிச்சம் விளம்புவதுதான். அதை ஆண்களிடம் விட்டேன். முதல் பந்தியில் நான், என்னோடு கூட நின்று சமைத்த மருமகள்கள், மகள், அக்கா, கொழுந்தன் மனைவி, பிறகு பசி தாங்காத சின்னதுகள். விளம்ப என் வீட்டுக்காரர், மகன்கள், மருமகன், பேரன்கள். அங்கேதான் பூகம்பம். அக்கா என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டுபோய், “ஏ பிள்ளே, மருமவனை விளம்ப விட்டா ஊரு என்ன சொல்லும்?” என்றாள். ஊர் அப்போது அதனதன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மருமகனோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு நிற்கிறார். “அத்தை, இருங்க, நான் பார்த்துக்கிடுதேன்” என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குச் செய்ய ஒரு வேலையும் கொடுக்காமல் திண்ணையில் உட்கார வைத்தே அலுப்பாக்கியிருக்கிறோம் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

விளம்பியது ஒழுங்காகவா இருந்தது? இல்லவே இல்லை. இலையின் நுனி இடது கைப்பக்கம் வர வேண்டும், உப்பும் உப்பேரியும் அந்த நுனியிலிருந்து தொடங்க வேண்டும். என் வீட்டுக்காரர் இத்தனை வருடமாக முதல் பந்தியில் உட்கார்ந்தவர், அவருக்கு இலையைத் துடைத்துப் போடத் தெரிகிறது, எந்தப் பக்கம் நுனி என்று தெரியவில்லை. சின்னவன் பருப்புக்கு முன்னால் சாம்பாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பேரன் ஒருவன் பப்படத்தை வைத்து அதன் மேலேயே சோற்றைத் தட்டினான். ஓலனைப் பாயசம் என்று நினைத்துக் கடைசியில் கொண்டுவரலாமென்று ஓரமாக எடுத்து வைத்துவிட்டார் மருமகன். வெள்ளையாக, பாலாக இருந்தால் பாவம் அவர் என்ன செய்வார்! நான் இலையிலிருந்தே கை காட்டிக் காட்டி நடத்தினேன். நெய் ஊற்றிய பருப்போடு சம்பா சோற்றைப் பிசைந்து, நொறுங்குகிற பப்படத்தைச் சேர்த்து முதல் உருண்டை வாயில் போட்டபோது சோறு கையைச் சுட்டது. என் வீட்டு ஓணச் சோறு அப்படிச் சுடும் என்பது எனக்குச் செய்தியாகத்தான் இருந்தது. பிரதமனில் மட்டிப்பழத்தைப் பிசைந்து இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டேன். சர்க்கரை அளவைப் பற்றி யாரும் கமெண்டில் கேட்க வேண்டாம்.

சிலர், “இவ்வளவு பாடு எதற்கு, ஓட்டலில் சொன்னால் இலையோடு வீட்டுக்கே வந்துவிடுமே” என்கிறார்கள். எனக்கு அதில் பெரிய கோபம் ஒன்றும் இல்லை. ஊறுகாயும் உப்பேரியும் கடையில் வாங்கினால் தெய்வக் குற்றம் ஆகிவிடாது. தனியாக இருக்கும் வயசாளிகள் பார்சல் வாங்கிச் சாப்பிடுவதில் தப்பே இல்லை. ஆனால் இருபத்தைந்து பேர் கூடுகிற வீட்டில் எல்லாமே பார்சல் என்றால், முந்தின நாள் உத்திராடத்தன்று என்ன செய்வது? எங்கள் வீட்டில் அன்று ராத்திரி கூடத்தில் பழைய பேப்பரை விரித்து எல்லாரும் காய் நறுக்குவார்கள். பெங்களூர்ப் பேத்தி அங்கேதான் முதன்முதலாகச் சேப்பங்கிழங்கைத் தொட்டுவிட்டுக் கை அரிக்கிறது என்று குதித்தாள். புளியைத் தேய்த்துவிட்டேன். பெரியவன் ஆபீசில் தனக்கு நடந்த ஒரு தகராறைத் தேங்காய் துருவிக்கொண்டேதான் சொன்னான், போனில் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ராத்திரியை எந்தக் கடையிலிருந்து வாங்குவது? இலையில் இருபத்துநான்கு தொடுகறி இருக்க வேண்டும் என்ற வீறாப்பை வேண்டுமானால் விடலாம். நான் எரிசேரியை விட்டேன், தயிர் சேர்த்த கிச்சடியை விட்டேன். யாரும் கவனிக்கவில்லை. கொழுந்தனார் மட்டும் கிச்சடி எங்கே என்றார். “அடுத்த ஓணத்துக்கு நீங்க செய்துகொண்டு வாங்க தம்பி” என்றேன். இந்த வருடம் அவர் வெள்ளரிக்காய் கிச்சடி கொண்டுவருவதாக ஏற்றிருக்கிறார், பார்ப்போம்.

மருமகள்கள் இரண்டு பேரும் என்னைவிடப் பெரிய வேலை பார்க்கிறவர்கள். அவர்கள் அம்மா வீட்டில் இப்போதும் கடைசிப் பந்திதானாம். “எங்க அம்மாகிட்ட நீங்களே பேசுங்க அத்தை” என்கிறாள் பெரியவள். சம்பந்தியம்மாவிடம் நான் போய் என்ன பேசுவது? இந்தப் பதிவை அவள் அனுப்பிவைக்கட்டும். ஆச்சிமாரும் பாட்டிமாரும் தாங்களே போய் உட்காராமல் யாரும் உட்கார வைக்க மாட்டார்கள். கூப்பிடுவார்கள்தான். “நீயும் உட்காரு” என்று இலை போட்ட பிறகு ஒரு குரல் கொடுப்பார்கள், “நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசிக்கல” என்று நாமும் சொல்வோம், அத்தோடு முடிந்தது. இருபத்தைந்து பேருக்குச் சமைத்தவளுக்குப் பசிக்கவில்லையாம்!

இந்த வருடமும் முதல் பந்தி பன்னிரண்டரைக்கு. தாமதமாக வருகிற ஆண்களுக்கு வாளி காத்திருக்கும், இலை காத்திருக்காது. எனக்கு இருக்கிற ஒரே சிக்கல் அக்காதான். போன தடவை என் பக்கத்தில் இலை போட்டு உட்கார வைத்தும், பாதியில் எழுந்துபோய் மருமகன் கையிலிருந்து ரசச் செம்பைப் பிடுங்கிவிட்டாள். இந்தத் தடவை அவளைச் சுவரோரமாக உள்பக்கம் உட்கார வைத்து, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் கொழுந்தன் மனைவியும் இருப்பதாகத் திட்டம்.