அன்று தவறியதெல்லாம் கதையானது

கதை எழுதி நடத்தப்படும் தொலைக்காட்சி மல்யுத்தம் பற்றிப் பேச்செடுத்தாலே, "தொண்ணூறுகளோடு எல்லாம் முடிந்துவிட்டது" என்று யாராவது ஒருவர் பெருமூச்சு விடுகிறார். ஏன் என்று கேட்டால் ரத்தம், நாற்காலி அடி, வசைச்சொல், அன்றைய நட்சத்திரம் ஸ்டீவ் ஆஸ்டினின் பீர் கேன் என்று பட்டியல் நீள்கிறது. ஏதோ ஒன்று தொலைந்துவிட்டது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். தொலைந்தது இவை அல்ல.

நம்பாதவர்கள் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) நிறுவனத்தின் அந்தக் காலத்து வாராந்திர 'ரா' நிகழ்ச்சி ஒன்றை இப்போது முழுதாக உட்கார்ந்து பாருங்கள். மூன்று நான்கு நிமிடங்களில் மோதல் முடிந்துவிடும். அதுவும் ஒழுங்காக முடியாது. எவராவது ஓடிவந்து கலைத்துவிடுவார். பெண்கள் போட்டி என்ற பெயரில் காட்டியவற்றை இன்று பார்க்கக் கூசுகிறது. 1998 ஜூனில் 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் தள்ளிவிட்டதைக் கொண்டாடுகிறோம். அந்த மனிதரின் உடம்பு என்ன ஆனது என்று கேட்பதில்லை. 1999 மே மாதம் கன்சாஸ் சிட்டியில், கம்பியில் இறங்கி வரவேண்டிய ஓவன் ஹார்ட் மேலிருந்து விழுந்து இறந்தார். அன்றைய நிகழ்ச்சியை நிறுத்தாமல் நடத்தி முடித்தார்கள். இதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அப்படியானால் அன்று எது இழுத்தது? பயம். வீரர்களின் பயத்தைச் சொல்லவில்லை, முதலாளிகளின் பயத்தைச் சொல்கிறேன். 1995 செப்டம்பரில் போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூ தன் 'நைட்ரோ' நிகழ்ச்சியை, 'ரா' வரும் அதே திங்கள் இரவில் அதற்கு எதிராகவே இறக்கியது. முதல் நாளே, எதிர் முகாமின் ஆள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த லெக்ஸ் லூகர் அங்கே வந்து நின்றார். 'ரா'வின் பல நிகழ்ச்சிகள் முன்கூட்டியே பதிவானவை என்பதால், அதன் முடிவுகளை நைட்ரோ வர்ணனையாளர்கள் நேரலையிலேயே சொல்லிக் கெடுத்தார்கள். 1999 ஜனவரி 4 அன்று அந்தத் தந்திரம் அவர்கள் தலையிலேயே விடிந்தது. 'ரா'வில் மிக் ஃபோலி பட்டம் வெல்லப்போகிறார் என்று கேலியாகச் சொன்னதும், அதைப் பார்ப்பதற்காகவே லட்சக்கணக்கானோர் சேனலை மாற்றினார்கள். பார்ப்பவர் கையில் இருந்த ரிமோட்டுக்கு இரண்டு நிறுவனங்களும் வாரந்தோறும் நடுங்கின. அதனால்தான் கட்டணம் வசூலித்துக் காட்டியிருக்க வேண்டிய கோல்ட்பர்க் - ஹோகன் மோதலை 1998 ஜூலையில் டபிள்யூசிடபிள்யூ சாதாரணத் தொலைக்காட்சியில் வாரி இறைத்தது. வியாபாரமாகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம்; பார்வையாளனுக்கோ திருவிழா.

பயந்தவன் கைக்கு அகப்பட்டதையெல்லாம் கதையாக்குவான். 1996 மே மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், டபிள்யூடபிள்யூஎஃப்பை விட்டுப் போகவிருந்த நண்பர்களை டிரிபிள் ஹெச் ரிங்குக்குள் ரசிகர்கள் முன்னிலையில் கட்டியணைத்தார். கதைப்படி எதிரிகள் இப்படிச் செய்யலாமா என்று பின்னரங்கில் பெரும் கோபம். தண்டனையாக, அவருக்கென்று வைத்திருந்த 'கிங் ஆஃப் தி ரிங்' போட்டித் தொடரின் வெற்றி ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. வென்ற இரவில் பேசிய பேச்சில்தான் ஆஸ்டின் என்ற நட்சத்திரம் பிறந்தார். அடுத்த ஆண்டு மான்ட்ரியலில் பிரெட் ஹார்ட்டுக்குத் தெரியாமல் மணியடிக்கச் சொல்லி அவருடைய பட்டத்தைப் பறித்தார் நிறுவனத்தின் முதலாளி வின்ஸ் மக்மஹோன். மக்கள் உண்மையாகவே அவரை வெறுத்தார்கள். அந்த வெறுப்பையே மூலதனமாக்கித் திரையில் கொடுங்கோல் முதலாளியாக நின்றார். ஆஸ்டினுக்கு வில்லன் கிடைத்துவிட்டான். இந்த இரண்டையும் எந்த எழுத்தாளரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை.

2001 மார்ச்சில் மக்மஹோன் எதிரியான டபிள்யூசிடபிள்யூவையே விலைக்கு வாங்கிவிட்டார். அத்தோடு பயமும் போயிற்று. பிறகு வருமானத்தின் அச்சே இடம் மாறியது. முன்பு டிக்கெட்டும் கட்டண ஒளிபரப்பும் சோறு போட்டன. இப்போது ஒளிபரப்பு உரிமை போடுகிறது. 2025 ஜனவரி முதல் 'ரா' நெட்ஃப்ளிக்ஸில் வருகிறது. பத்தாண்டு ஒப்பந்தம், 500 கோடி டாலருக்கு மேல். பத்தாண்டுக் கூலி உறுதியானவன் இந்த வாரம் எதற்குப் பதற வேண்டும்?

பதற்றமில்லாததில் நன்மையும் உண்டு. தலையில் நாற்காலியால் அடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள். 2019இல் ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் இறுதிப் போட்டியே பெண்களுடையதாக இருந்தது; பெக்கி லின்ச் வென்றார். சராசரி வீரரின் திறமை அன்றைய நட்சத்திரங்கள் பலரைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரிங்கின் நடுவில் விளம்பரச் சின்னம் ஒட்டியிருப்பதைப் பொறுத்துக்கொண்டால் போதும். கட்டியணைத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட அதே டிரிபிள் ஹெச்தான் இப்போது படைப்புப் பிரிவின் தலைவர். பெரிய நிகழ்ச்சி முடிந்ததும் செய்தியாளர் முன் அமர்ந்து, எந்தக் கதையை ஏன் அப்படி நகர்த்தினோம் என்று நிதானமாக விளக்கியிருக்கிறார்.

இவ்வளவு ஒழுங்குக்கு நடுவிலும் அண்மைக் காலத்தில் என்னை உலுக்கிய கதை ஒரு சறுக்கலில்தான் வந்தது. 2024 பிப்ரவரியில், ரெஸில்மேனியாவில் சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸை எதிர்க்கும் வாய்ப்பை கோடி ரோட்ஸ் தி ராக்குக்கு விட்டுக்கொடுப்பதுபோல் காட்டினார்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் சில நாட்களில் திரும்பியது, ராக் வில்லனானார், ஏப்ரலில் பிலடெல்ஃபியாவில் கோடி வென்றபோது ரோமனின் 1,316 நாள் ஆட்சி முடிந்தது. அரங்கு எழுப்பிய ஓசையில் தொண்ணூறுகள் கேட்டன.

பாடம் கற்றிருப்பார்கள் என்று நினைத்தேன். 2025 மார்ச்சில், நல்லவராகவே அறியப்பட்ட ஜான் சீனாவை வில்லனாக்கினார்கள். 1996இல் ஹல்க் ஹோகன் கெட்டவரானதற்கு இணையான அதிர்ச்சி என்று எல்லோரும் எழுதினார்கள், நான் உட்பட. ஹோகனின் அந்தத் திருப்பம் அவர் அப்போதிருந்த டபிள்யூசிடபிள்யூவை ஓராண்டுக்கு மேல் முன்னணியில் வைத்திருந்தது. சீனாவைத் தூண்டிவிட்ட ராக் அடுத்து வந்த ரெஸில்மேனியாவுக்கே வரவில்லை. ஆகஸ்ட் பிறந்தபோது சீனா மறுபடி நல்லவராகிவிட்டார். ஏன் மாறினார், ஏன் திரும்பினார் என்று யாரும் நம்பும்படி சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததற்காக அவர்களுக்கு ஒரு டாலர்கூடக் குறையவும் இல்லை.